படத்தில் இருந்த வீல்

பேகம்பூர், திண்டுக்கல்
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி ரிஃபாத்துக்கு அக்கா ஷாஹினாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சானுக்குச் சர்க்கரை மட்டும் ஏறி இறங்கி விளையாடுகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ராஜஸ்தான் குளிருக்குக் கம்பளி வாங்கினாயா, இல்லை இன்னும் வீராப்பா?

நேற்றுக் காலை உன் மச்சான் தோல் கடையிலிருந்து பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். விரித்துப் பார்த்தால் முழுப் பக்கத்துக்கு ஒரு கார். கண்ணாடிக்குப் பின்னால் நீ! "ஸெஃபா 190. எங்கள் டெஸ்ட் டிரைவர் ரிஃபாத் மணிக்கு 190 கிலோமீட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டார். அடுத்தது நீங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சைக்கிள் பழகும்போது பள்ளிவாசல் சுவரில் முட்டி அழுதவனா இவன் என்று எனக்கு நம்பவே முடியவில்லை.

மச்சான் அந்தப் பக்கத்துக்குச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். தோல் வாங்க வருகிறவர்கள் தோலைப் பார்ப்பதற்கு முன்னால் உன்னைப் பார்த்தாக வேண்டும். "நூத்தித் தொண்ணூறு தாங்குற வண்டின்னா நூத்தி நாப்பதுல தூங்கிக்கிட்டே போகலாம். அம்புட்டு பலம்" என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்கிறார். அவருக்கு வேகம் ஒன்றும் வேண்டாம், பலம்தான் முக்கியமாம்.

பெரிய செய்தி இனிமேல்தான். ஃபாரிஸுக்கு வத்தலக்குண்டில் பெண் பார்த்து முடித்துவிட்டோம். பெயர் தஸ்லிமா. பெருநாள் கழிந்து நிக்காஹ். தாய்மாமன் நீ இல்லாமல் ஒன்றும் நடக்காது, இப்போதே லீவு சொல்லி வை.

ஆபீஸ் போனில் பேசச் சொல்லாதே. நாம் பேசுவதைப் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார் என்றாய். எனக்குக் கடிதம்தான் சௌகரியம். இதில் உன்னைத் திட்டினாலும் வெளியே தெரியாது.

உன் ஹயாத்துக்கு துஆ செய்யும்
அக்கா ஷாஹினா

*

டெஸ்ட் டிராக் குடியிருப்பு, ராஜஸ்தான்
30 ஜனவரி 2025

பாசமுள்ள அக்காவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். கம்பளி வாங்கிவிட்டேன். முதுகு பரவாயில்லை. மச்சானை இனிப்பு டீயை விடச் சொல்.

ஃபாரிஸ் நிக்காஹ் செய்தியைப் படித்ததும் பக்கத்து அறைக்காரர்களை எழுப்பிச் சொன்னேன். நான் தூக்கி வளர்த்த பயல்!

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். இன்னும் கடைக்கு வராத வண்டிகள் ஓடுகிற இடம் என்பதால் கேமரா உள்ள எதையும் உள்ளே விடமாட்டார்கள், போன் கேட்டிலேயே தங்கிவிடும். விளம்பரம் எடுத்த அன்று பெரிய வட்டப் பாதையில் ஓட்டினேன். ஓரம் சுவர் மாதிரி சரிந்து நிற்கும். 190 தொட்டபோது வயிறு பின்னாலேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தது. வெறும் ரோட்டில் அதெல்லாம் யாரும் செய்யக்கூடாது.

அக்கா, தாய்மாமன் சீராக ஃபாரிஸுக்கு அந்த வண்டியையே கொடுக்கப்போகிறேன். கம்பெனி ஆட்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மறுக்காதே. அத்தா மௌத்தான பிறகு என்னைப் படிக்க வைத்தது நீயும் மச்சானும்தான். மாமன் வெறும் கையோடு வந்தான் என்று வத்தலக்குண்டுக்காரர்கள் சொல்லிவிடக் கூடாது.

தம்பி ரிஃபாத்

*

பேகம்பூர்
14 பிப்ரவரி 2025

கண்ணான தம்பிக்கு, நீ சுகமாக இருக்க வேண்டும், உன் கை நிறைய பரக்கத் பொங்க வேண்டும்.

கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் இருந்த தாளிச்சாவை மறந்துவிட்டேன். அடிப்பிடித்த வாசம் தெருவுக்கே போய்விட்டது. காரா! ஏலே, உனக்கு மண்டைக்கு ஏதும் ஆகிவிட்டதா? உன் மச்சான் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஃபாரிஸ் அந்தப் படத்துக்கு அடியில் நின்று செல்ஃபி எடுத்துச் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். "எங்க மாமா ஓட்டுன அதே வண்டி" என்பதுதான் வாயைத் திறந்தால் பேச்சு. பெண் வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. உனக்கு இப்போது வத்தலக்குண்டில் எம்.எல்.ஏ. மரியாதை.

ஷாஹினா

*

ராஜஸ்தான்
9 மார்ச் 2025

அக்கா, நோன்பு எப்படிப் போகிறது? இங்கே தமிழ்நாட்டு நோன்புக் கஞ்சிக்கு நாக்கு ஏங்குகிறது. உடம்பு நன்றாக இருக்கிறது.

வண்டி பெருநாள் கழிந்து திண்டுக்கல் ஷோரூமுக்கு வந்துவிடும். வெள்ளை நிறம்தான் கிடைத்தது. ஃபாரிஸிடம் சொல், வேகமாகப் போவதற்காக இதைக் கொடுக்கவில்லை. பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போகட்டும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரிஃபாத்

*

பேகம்பூர்
21 ஏப்ரல் 2025

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நிக்காஹுக்கு வந்தவன் பிரியாணிச் சட்டி காய்வதற்குள் கிளம்பிவிட்டாய். ஊர் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் தூங்கினாயா? தஸ்லிமா நல்ல பிள்ளை. எனக்கு முன்னால் எழுந்து வெஞ்சனம் வெட்டி வைத்துவிடுகிறாள். மாமியாராகச் சண்டை போட எனக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை.

வண்டி நீ போன மறுநாள் வந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து துஆ ஓதினார். தெருப் பிள்ளைகள் பின்னாலிருக்கும் 190 என்ற எழுத்தைத் தடவித் தடவி அழுக்காக்கிவிட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் உன் படத்தைப் பார்க்கிறேன். படத்தில் வீல் பெரியதாக, பூ விரிந்த மாதிரி நிறைய கம்பிகளோடு இருக்கிறது. டயர் பட்டையாக இருக்கிறது. நம் வண்டியின் வீல் சின்னதாக, சட்டி மூடி மாதிரி இருக்கிறதே? தோல் கடைக்காரன் பெண்டாட்டி அல்லவா, மாதிரித் தோலையும் வந்து இறங்கிய லோடையும் ஒத்துப் பார்க்கிற கண் எனக்கு. தப்பாக நினைக்காதே, சும்மா கேட்கிறேன்.

இன்னொன்று, கரூர் ரோட்டில் வண்டி 155-க்கு மேல் போக மறுக்கிறதாம். எவ்வளவு மிதித்தாலும் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறதாம். 155-ல் இவனுக்கு என்ன வேலை என்று நான் போட்ட சத்தத்தில் பூனை ஓடிவிட்டது. இருந்தாலும் ஏன் என்று நீ சொல்லிவிட்டால் அவன் அடங்குவான்.

ஷாஹினா

*

ராஜஸ்தான்
5 மே 2025

அன்புள்ள அக்கா, நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இங்கே வெயில் ஆளை உரிக்கிறது. டிராக்கில் வெறுங்காலை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். நீ கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயை மெஸ்ஸில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறேன். தஸ்லிமாவுக்கு என் ஸலாம். மச்சான் புது மாத்திரைக்கு மாறினாரா?

வண்டி 155-ல் நிற்பது கம்பெனி போட்ட பூட்டு. கம்ப்யூட்டரிலேயே போட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான். அதைத் தொட வேண்டாம் என்று ஃபாரிஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

அடுத்த வாரம் மலைப் பக்கம் டெஸ்ட்டுக்குப் போகிறோம். அங்கே தபால் வராது. பதில் தாமதமானால் கவலைப்படாதே.

ரிஃபாத்

*

பேகம்பூர்
18 மே 2025

தம்பிக்கு, நலம். நீ மலையில் இருக்கிறாயா, இறங்கிவிட்டாயா தெரியவில்லை. எப்போது கிடைக்கிறதோ அப்போது படி.

நான் வீலைப் பற்றிக் கேட்டேன், நீ வெயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். சரி, மறந்திருப்பாய்.

இங்கே ஒரு கூத்து. ஃபாரிஸின் சிநேகிதன் ஒருத்தன், "உங்க மாமன் ஓட்டுனது பேப்பர்ல மட்டும்தானாடா? வண்டி நூத்தி அம்பத்தஞ்சுலயே படுத்துருதே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். ஃபாரிஸுக்கு முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. "எங்க மாமா பொய் சொல்ற ஆளில்லம்மா. அவரு நூத்தித் தொண்ணூறுல ஓட்டுனது நெசம். இவனுகதான் பூட்டப் போட்டு ஏமாத்துறானுக" என்கிறான். மதுரையில் லேப்டாப்பை மாட்டி அந்தப் பூட்டைக் கழற்றிவிடுகிற ஒருத்தன் இருக்கிறானாம்.

மாமாவைக் கேட்காமல் செய்யாதே என்றேன். "மாமாவே ஓட்டிக் காட்டிட்டாரு, அவர்ட்ட இனி என்னத்தக் கேக்குறது?" என்கிறான். அவனுக்கு வேகம்கூட வேண்டாம் போலிருக்கிறது, உன் பெயருக்கு ஒரு சொல் வந்துவிட்டதுதான் தாங்கவில்லை. உன் மச்சானும், "ரிஃபாத் ஒக்காந்த வண்டி, ஒண்ணும் ஆகாது" என்று விட்டுவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நீ நாலு வரி எழுதினால் கேட்பான்.

அக்கா

*

ராஜஸ்தான்
30 மே 2025

அக்கா, மலையிலிருந்து இப்போதுதான் இறங்கினேன். உன் கடிதம் மேசைமேல் கிடந்தது. படித்ததும் அப்படியே ஓடினேன். ஆபீஸ் போனில் உன்னைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மச்சானும் எடுக்கவில்லை. ஜும்ஆ நேரமாக இருக்கும். திரும்ப லைன் கிடைக்கிற வரைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பூட்டைக் கழற்றியிருந்தால் வண்டியை வீட்டை விட்டு எடுக்கக் கூடாது. அந்த டயர் 160-க்கு மேல் தாங்காது. அதனால்தான் பூட்டே போட்டார்கள். நான் ஓட்டிய வண்டியில் இருந்தது வேறு வீல், வேறு டயர். நீ கேட்டாய். நான்

ஆபீஸில் கூப்பிடுகிறார்கள். மச்சான் லைனில் இருக்கிறாராம்.

*

பேகம்பூர்
29 ஜூன் 2025

ரிஃபாத்துக்கு,

சுகம் விசாரித்து எழுத எனக்குத் தெம்பு இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், இருக்க வேண்டும்.

பக்ரீத் அன்று முழுக்க மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஃபாரிஸின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டோம் என்று டாக்டர் வந்து சொன்னபோது நான் உன் தோளைத்தான் பிடித்தேன். நீ வாயைத் திறக்கவே இல்லை. அதிர்ச்சியில் இருக்கிறாய் என்று நினைத்து நான்தான் உனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

நீ போன பிறகு அகரத்து வேலுசாமி வீட்டுக்கு வந்தார். டயர் வெடித்த சத்தம் கேட்டு மல்லிகைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து ஃபாரிஸ், தஸ்லிமா இரண்டு பேரையும் வெளியே இழுத்தவர் அவர்தான். தஸ்லிமாவின் நெற்றித் தையலைப் பார்த்து அழுதுவிட்டார். ஃபாரிஸிடம், "எங்க ஊரத் தாண்டி அம்புட்டு வேகத்துல எங்கப்பு போகணும்?" என்று கேட்டார். ஃபாரிஸ், "எங்கயும் போகலண்ணே. போகுமான்னு பாத்தேன்" என்றான். அதைக் கேட்டு நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நேற்று உன் மச்சானோடு தாடிக்கொம்பு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி அங்கே வெயிலில் கிடக்கிறது. ஒரு வீல் வெறும் இரும்பாக நிற்கிறது. மீதி மூன்றும் அதே சட்டி மூடி வீல். உன் மச்சான் அந்த 190 எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை, நேற்றுதான் பார்த்தேன். திரும்பும் வழியில் கடையில் இறங்கி உன் படத்தின் முன்னால் நின்றேன். பூ விரிந்த வீல்.

கம்பெனி ஆள் வந்து, பூட்டை உடைத்தது உங்கள் பையன், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். என் மகன் செய்தது தப்பு, அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். ஆனால் உன்னிடம் நான் ஏப்ரலிலேயே ஒன்று கேட்டேன். திரும்பவும் கேட்கிறேன். படத்தில் இருக்கிற வீல் வேறா, இல்லையா? வெயிலைப் பற்றி எழுதாதே.

ஷாஹினா

*

ராஜஸ்தான்
27 ஜூலை 2025

அக்கா,

ஸலாம் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

வேறுதான். இத்தோடு மே 30 அன்று பாதியில் விட்ட கடிதத்தையும் வைத்திருக்கிறேன். ஒரு நாள் முன்னால் மலையிலிருந்து இறங்கியிருந்தால் என்று நினைத்து நினைத்துப் பைத்தியம் பிடிக்கிறது. ஆனால் நீ வீலைப் பற்றிக் கேட்டது ஏப்ரலில்.

இந்த வண்டிக்கு இரண்டு விதமான வீல் உண்டு. பெரிய வீலும் பட்டை டயரும் வாங்குகிறவன்தான் தனியாகக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அதில்தான் 190 போகும். சாதாரணமாக வருவது சின்ன வீல். அந்த டயர் மைலேஜுக்கு நல்லது, வேகத்துக்கு ஆகாது. அதனால் 155-ல் பூட்டு. என் சலுகையில் சின்ன வீல்தான் கிடைத்தது. இரண்டு வண்டிக்கும் பின்னால் ஒட்டுவது அதே 190.

நீ கேட்டபோது சொல்லியிருக்கலாம். "மாமா ஓட்டுன அதே வண்டி" என்று ஊரே சொல்லும்போது, அது அதே வண்டி இல்லை, கொஞ்சம் குறைந்தது என்று எழுதக் கை வரவில்லை. சீர் குறைந்துவிடும் என்று பயந்தேன். என் சீர் பெரிதாகத் தெரியட்டும் என்று பிள்ளையின் காலைப் பறிகொடுத்தேன்.

திரும்பி வந்ததும் விளம்பரப் பிரிவில் போய்க் கேட்டேன். எல்லா வண்டிக்கும் 190 என்று போடுவது சரியா என்றேன். "இந்த ஊர் ரோட்டில் யார் 190-ல் போகப்போகிறார்கள்? அது சும்மா ஒரு நம்பர்" என்று சிரித்தார் மேனேஜர். யாரும் போகமாட்டார்கள் என்றால் எதற்கு அவ்வளவு பெரிதாகப் போட்டீர்கள் என்று கேட்டேன். "பலம் தெரியத்தான்" என்றார். மச்சான் சொன்ன அதே சொல், அக்கா. எங்கள் வீட்டில் நம்பினார்கள் சார் என்றேன். பெரிய வீலுக்கு மட்டும்தான் என்று கீழே பொடி எழுத்தில் குறிப்பு போட்டிருக்கிறோமே என்றார்.

பெரிய வீல் போட்ட வண்டிதான் 190 போகும் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் என் முகத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். என்னால் ஆனது அதுதான். ஃபாரிஸிடம் நானே வந்து சொல்கிறேன். அவன் என் முகத்தில் விழிப்பானா?

ரிஃபாத்

*

பேகம்பூர்
24 செப்டம்பர் 2025

தம்பி ரிஃபாத்துக்கு அக்காவின் ஸலாம்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்தது. கோபம் அடங்கினால் அழுகை வந்தது.

ஃபாரிஸ் கட்டையை ஊன்றிக்கொண்டு பள்ளிவாசல் வரை போய் வருகிறான். செயற்கைக் கால் பொருத்த அடுத்த மாதம் அளவெடுக்கிறார்கள். தஸ்லிமாவை அவள் அத்தா பிறந்த வீட்டுக்கே கூப்பிட்டுப் பார்த்தார். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். நீ எழுதியதை ஃபாரிஸுக்கு நானே படித்துக் காட்டிவிட்டேன். நீ வரும்வரை என்னால் சுமக்க முடியாது. அவன் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தான். பிறகு, "மாமா சொல்லிருந்தா நான் கேட்டுருப்பேம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நீ வா. உன் முகத்தில் விழிப்பான். ஆனால் அந்த வார்த்தையை அவன் வாயால் இன்னொரு தடவை கேட்க நீ தயாராக வா.

உன் மச்சான் உன் படத்தைக் கழற்றி வைத்துவிட்டார். கோபத்தில் இல்லை. அவருடைய இத்தனை வருஷ வியாபாரத்தில் மாதிரித் தோல் ஒன்று, லோடு ஒன்று என்று அனுப்பியதே கிடையாது. அப்படி ஒரு படத்தைக் கடையில் மாட்டிக்கொண்டு நாலு பேரிடம் தோல் விற்க வாய் வரவில்லை என்றார்.

நேற்றுப் பேப்பரில் ஸெஃபா விளம்பரம் திரும்ப வந்திருக்கிறது. அதே கார். அதே 190. அதே பூ விரிந்த வீல். உன் முகத்தை எடுத்துவிட்டார்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். உன் இடத்தில் வேறொரு பையன் உட்கார்ந்து சிரிக்கிறான். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. கீழே அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. உன் மச்சானின் கண்ணாடியைப் போட்டு, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் கொண்டுபோய், தஸ்லிமாவும் நானும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தோம்.

உன் முகத்தை எடுத்தது உனக்கு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு இல்லை. அந்தப் பையனின் வீட்டிலும் யாராவது இதற்குச் சட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள். அவனிடம் கேட்டு அவள் விலாசத்தை வாங்கி அனுப்பு. நான் அவளுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

வஸ்ஸலாம்
ஷாஹினா